ஒலிம்பிக் ஜோதி உங்கள் தெரு வழியாக வருகிறதா? குடும்பத்தோடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறை ஒலிம்பிக் ஜோதி பார்க்கப் போனபோது நாங்கள் பார்த்தது ஒரு வேனின் முதுகைத்தான். எழுபது வயது தாண்டிய அம்மா, மனைவி, ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், நான். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பின்னாலேயே பத்துப் பதினைந்து வண்டிகள் விர்ரென்று போயின. எல்லோரும் கை தட்டினார்கள், நாங்களும் தட்டினோம். தெரு காலியானதும் சின்னவள் என் சட்டையை இழுத்து, “அப்பா, நெருப்பு எங்கே?” என்று கேட்டாள். நெருப்பு அந்த வண்டிகளில் ஒன்றுக்குள், ஒரு லாந்தர் விளக்கில் பத்திரமாகப் போய்விட்டிருந்தது.

மூன்று நாள் கழித்து வேறொரு பகுதியில் மறுபடி போய் நின்றோம். அந்த முறை சுடர் எங்களுக்கு எட்டடி தூரத்தில் போனது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பார்க்கக் கிடைப்பது ஒரு நிமிடம். அதற்காகக் குடும்பத்தையே அரை நாள் தெருவில் நிறுத்தப் போகிறீர்கள். அந்த அரை நாளுக்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

1. ஓடி வருகிறதா, வண்டியில் வருகிறதா?

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான். நாங்கள் ஏமாந்ததும் இங்கேதான்.

ஜோதி ஓட்டம் என்றதும் முழு வழியும் ஆட்கள் கையில் ஏந்தி ஓடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டால் அப்படி இருக்க முடியாது என்று தெரிந்துவிடும். 2012 லண்டன் போட்டிக்கான ஓட்டம் 70 நாள், 8,000 மைல், அதாவது ஏறக்குறைய 12,800 கிலோமீட்டர். ஏந்தியவர்கள் 8,000 பேர். ஆளுக்குச் சுமார் 300 மீட்டர் என்று வைத்தால்கூட மொத்தம் 2,400 கிலோமீட்டர்தான் வருகிறது. மீதி எல்லாம் வண்டிப் பயணம். 2026 மிலான் கோர்ட்டினா குளிர்காலப் போட்டிக்கு 12,000 கிலோமீட்டர், 10,001 பேர். அங்கேயும் கணக்கு இதே மாதிரிதான்.

ஊருக்குள் நுழையும்போது ஓட்டம் தொடங்கும். ஊர் எல்லையில் முடிந்து, சுடர் லாந்தருக்கு மாறி வண்டி ஏறும். நடுவில் இருக்கிற இடங்களை கான்வாய் வேகமாகக் கடந்துவிடும். செய்தித்தாளில் “ஜோதி இன்று செல்லும் இடங்கள்” என்று வருகிற பட்டியலில் இந்த இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்திருக்கும். நான் அதை மட்டும் நம்பித்தான் போனேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட்ட ஏற்பாட்டாளர்கள் வெளியிடும் அந்தந்த நாளுக்கான அட்டவணையை எடுங்கள். எந்தப் பகுதிக்குத் தெருப் பெயர்களும், ஓட்டம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களோ அங்கே ஓட்டம் உண்டு. வெறும் ஊர்ப் பெயரும் ஒரே ஒரு நேரமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பகுதி நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, “இந்தத் தெருவில் கையில் ஏந்தி வருகிறார்களா?” என்று இதே வார்த்தைகளில் கேட்டுவிடுங்கள். “ஜோதி வருகிறதா?” என்று மட்டும் கேட்டால் “வருகிறது” என்றுதான் பதில் வரும். அதுவும் பொய் இல்லை.

இன்னொன்று, மாதங்களுக்கு முன்னால் வந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வழி கடைசி நேரத்திலும் மாறும். டோக்கியோ போட்டிக்கான ஓட்டத்தில், 2021 ஏப்ரலில் தொற்று காரணமாக ஒசாகாவில் பொதுச் சாலை ஓட்டத்தையே ரத்து செய்து, பார்வையாளர் இல்லாமல் ஒரு பூங்காவுக்குள் நடத்தினார்கள். அவ்வளவு பெரிய மாற்றம் அபூர்வம். ஒரு தெரு தள்ளிப் போவது அபூர்வம் இல்லை. முதல் நாள் இரவு ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள்.

2. என்ன காகிதங்கள் வேண்டும்?

தெருவோரம் நின்று பார்க்க எந்தச் சீட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். யாராவது “முன்வரிசை இடம்” என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பொதுச் சாலையில் முன்வரிசையை விற்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

ஆனால் மூன்று இடங்களில் காகிதம் குறுக்கே வரும்.

உங்கள் வீடே அந்த வழியில் இருந்தால், சாலை மூடும் அறிவிப்பு முன்கூட்டியே கதவு இடுக்கில் வந்து விழும். விளம்பரத் தாள் என்று எறிந்துவிடாதீர்கள். சாலை எத்தனை மணிக்கு மூடும், எப்போது திறக்கும், வண்டியை எந்த நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எடுக்காத வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அபராதத்தோடு இழுவைக் கட்டணமும் சேர்ந்து கொள்ளும். இலவச நிகழ்ச்சியில் ஒரு குடும்பத்துக்கு வரக்கூடிய ஆகப் பெரிய செலவு இதுதான்.

இரண்டாவது, முகவரி உள்ள அடையாள அட்டை. சாலை மூடிய பிறகு வெளியே போய் வந்தால் “நான் இங்கேதான் குடியிருக்கிறேன்” என்று காட்ட வேண்டியிருக்கும். பெரியவர்களில் ஒருவராவது கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, மாலை விழா. ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு மைதானத்திலோ சதுக்கத்திலோ கொப்பரை என்கிற பெரிய பாத்திரத்தில் சுடரை ஏற்றுவதோடு முடியும். இதற்கு நுழைவு இலவசமாகவே இருந்தாலும் முன்பதிவுச் சீட்டு கேட்கும் இடங்கள் உண்டு. கைக்குழந்தைக்கும் தனிச் சீட்டு வேண்டுமா என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். பை சோதனை இருக்கும். பெரிய பை, கண்ணாடி பாட்டில் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்.

வீட்டில் யாருக்காவது ஏந்தி ஓடவே ஆசை என்றால் அது தனிக் கதை. விண்ணப்பம் ஏறக்குறைய ஒரு வருடம் முன்னாலேயே திறந்து மூடிவிடும். லண்டனுக்கு 2011 மே மாதம் பெயர் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள், ஓட்டம் 2012 மே மாதம். குறைந்தபட்ச வயதும் போட்டிக்குப் போட்டி மாறும். லண்டனில் 12, பாரிஸில் 15. ஜோதி தெருவுக்கு வருகிற வாரத்தில் விசாரித்துப் பயனில்லை.

3. நிற்க இடம் பிடிப்பது

நான் இரண்டாம் முறை அதிகம் யோசித்தது இதைத்தான். முதல் நாள் மாலையே குடும்பத்தில் ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கைமாறும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். டோக்கியோ ஓட்டத்தில் ஆளுக்குச் சுமார் 200 மீட்டர், இரண்டு நிமிடம். ஒருவர் சுடரை அடுத்தவரின் தீப்பந்தத்துக்குக் கொடுக்கும் இடத்தில் ஓட்டம் சில நொடி நின்றுவிடும். அதோடு, அடுத்து ஓடப்போகிறவர் முன்கூட்டியே வந்து, ஏற்றாத பந்தத்தோடு அங்கே காத்திருப்பார். பிள்ளைகள் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அவர் சம்மதித்தால் படமும் எடுத்துக்கொள்ளலாம். இந்த இடங்களைப் பெரும்பாலும் முன்னால் அறிவிக்க மாட்டார்கள். ஓட்ட நாளில் ஒரு சிறிய பேருந்து வந்து, வெள்ளை உடையில் ஒருவரைத் தெருவில் இறக்கிவிட்டுப் போகும். இறங்கியவர் நிற்கிற இடம் அதுதான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு அம்மா இறங்கினார். பாயும் பையுமாக எல்லோரையும் அப்படியே நகர்த்திக்கொண்டு போனேன். என் அம்மா முணுமுணுத்தார், ஆனால் நகர்ந்தார்.

அது கிடைக்காவிட்டால் மேடான பகுதியைப் பாருங்கள். ஏறும்போது யாரும் மெதுவாகத்தான் வருவார்கள். வளைவில் நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். நேர்சாலையில் வரிசையின் நடுவில் நின்றால் எதிரே நீட்டியிருக்கிற செல்போன்கள்தான் தெரியும்.

வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியாது, படத்திலும் வராது. நல்ல வெளிச்சத்தில் நெருப்பு எவ்வளவு மங்கலாக இருக்கும் என்பது நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் மரமோ இருட்டான சுவரோ இருந்தால் சுடர் எடுப்பாகத் தெரியும்.

இனி வருவது பலர் மாட்டிக்கொள்ளும் விஷயம். சாலை மூடிய பிறகு குறுக்கே கடக்க விட மாட்டார்கள். கழிப்பறை, வண்டி, நிழல், வீடு திரும்பும் வழி எல்லாம் நீங்கள் நிற்கிற அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து இடம் பிடியுங்கள். முதல் முறை என் மனைவி பெரியவனைக் கழிப்பறைக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப் போனாள். அப்புறம் கான்வாய் போய் முடிகிறவரை அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே, நடுவில் கயிறு.

அதனால் பிரிந்துவிட்டால் கூடும் இடம் ஒன்றையும் அதே பக்கத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நெரிசலில் போன் கிடைக்காமல் போகலாம். சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பேனாவால் போன் எண்ணை எழுதிவிடுங்கள்.

4. எத்தனை மணிக்குப் போவது?

அட்டவணை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும். ஊர் மையத்தில், மேடை போட்டிருக்கிற இடத்தில் என்றால் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் களைத்து, ஜோதி வருகிற நேரம் பார்த்துத் தூங்கிவிடுவார்கள்.

அட்டவணையில் போட்டிருப்பது உத்தேச நேரம். ஓட்டம் தாமதமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. “எப்படியும் லேட்தான்” என்று வீட்டில் உட்கார்ந்திருந்து தவறவிட்டவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு குடும்பம். ஓட்டத்தை நேரலையில் காட்டினால், வீட்டில் இருக்கிற ஒருவர் பார்த்து, எங்கே வருகிறது என்று உங்களுக்குச் செய்தி அனுப்பலாம்.

பேருந்துகளும் அன்று வழி மாறும். வண்டியில் போகிறவர்கள் மூடிய பகுதிக்கு வெளியே, திரும்பி வரும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள்.

5. பையில் என்ன?

தண்ணீர், தொப்பி, பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி, குழந்தைக்குத் தின்ன ஏதாவது, ஒரு குப்பைப் பை. மழை வரும் போலிருந்தால் மழைக்கோட்டு எடுங்கள், குடை வேண்டாம். முன்வரிசையில் ஒரு குடை விரிந்தால் பின்னால் பத்துப் பேருக்கு மறைக்கும். தள்ளுவண்டியை முடிந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

கொடி வாங்கிச் செலவு செய்யாதீர்கள். விளம்பரதாரர் வண்டிகள் முன்னால் வந்து கொடி, விசிறி, பலூன் எல்லாம் கை நிறையக் கொடுத்துவிட்டுத்தான் போகும். குப்பைப் பை எதற்கு என்பது அப்போது புரியும்.

பிள்ளைகளின் தண்ணீர்த் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே வையுங்கள். சிரிக்காதீர்கள். 2021 ஜூலையில் ஜப்பானின் மிட்டோ நகரில் ஒரு பெண் ஜோதியை நோக்கித் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிக் கைதானார். அது எதிர்ப்பு, உங்கள் பிள்ளை செய்வது விளையாட்டு. ஓடிக்கொண்டிருக்கிற காவலருக்கு அந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது. ட்ரோன் பறக்கவிடுவதும் அப்படித்தான், நினைத்தும் பார்க்காதீர்கள்.

6. கான்வாய் வரும்போது

வருகிற வரிசை தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது. முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள். பிறகு பாட்டும் ஆட்டமுமாக விளம்பரதாரர் வண்டிகள். முதல் முறை வருகிறவர்கள் இதுதான் ஜோதி என்று நினைத்து, போன் பேட்டரியில் பாதியை இதற்கே செலவழித்துவிடுகிறார்கள். பிறகு ஒரு இடைவெளி விழும். சிலர் முடிந்துவிட்டது என்று கிளம்பக்கூடச் செய்வார்கள். நகராதீர்கள். அடுத்து, பின்பக்கம் திறந்த ஒரு வண்டியில் கேமராக்காரர்கள் பின்னோக்கிப் பார்த்தபடி வருவார்கள். அந்த வண்டியைப் பார்த்ததும் தயாராகுங்கள், அவர்களுடைய கேமரா பார்க்கிற திசையில்தான் சுடர் இருக்கிறது.

ஏந்தி வருகிறவரைச் சுற்றி ஒரே நிற உடையில் சிலர் ஓடி வருவார்கள். அவர்கள் பாதுகாப்புக் காவலர்கள். கூடவே ஓடுவது, கை நீட்டித் தொடுவது எல்லாம் வேண்டாம். 2024 பாரிஸ் ஓட்டத்தில் சுடரைச் சுற்றிச் சுமார் 100 போலீசார் இருந்தார்கள். பிள்ளைகளை நடைபாதை விளிம்புக்கு இந்தப் பக்கம், உங்கள் காலுக்கு முன்னால் நிறுத்துங்கள். தோளில் ஏற்றினால் பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும், ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

படம் எடுப்பதை ஒருவரிடம் மட்டும் விடுங்கள். மற்ற எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. வீடியோவே ஓடவிட்டேன், படம் வேண்டுமென்றால் பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போனை மார்பு உயரத்தில் பிடித்துவிட்டு நானும் நேரே பார்த்தேன். சொன்னேனே, பேருந்திலிருந்து இறங்கிய அம்மா, அவர் பந்தத்தைச் சாய்த்துப் பிடித்தார். உதவியாளர் ஒருவர் வந்து கீழ்ப்பகுதியில் எதையோ திருகினார். இஸ்ஸென்று வாயுச் சத்தம். வந்தவருடைய சுடர் பக்கத்தில் வந்ததும் இந்தப் பந்தமும் குப்பென்று பிடித்துக்கொண்டது. அதற்கு மேலே இருந்த காற்று நடுங்கி, எதிர்வீட்டு ஜன்னல் நெளிந்தது. சின்னவள் மூச்சு விடாமல் நின்றாள். அந்த அம்மா மெதுவாக, கிட்டத்தட்ட நடைதான், எங்களைக் கடந்து போனார்.

சுடர் அணைந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். 2012 மே 21 அன்று, ஓட்டத்தின் மூன்றாம் நாள், இங்கிலாந்தின் கிரேட் டாரிங்டனில் ஒருவர் கொண்டுபோன சுடர் நடுவழியிலேயே அணைந்தது. பின்னால் வருகிற வண்டியில், கிரீஸின் ஒலிம்பியாவில் ஏற்றிய மூலச் சுடர் லாந்தரில் இருக்கும், அதிலிருந்து மறுபடி ஏற்றுவார்கள். உங்கள் எதிரே அப்படி நடந்தால் அது அதிர்ஷ்டம், கூடுதலாகச் சில நிமிடம் பார்க்கக் கிடைக்கும்.

7. முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள்

கான்வாய் போனதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கும். சாலை உடனே திறக்காது, பேருந்து உடனே வராது. வயதானவர்களோடு அந்த நெரிசலில் இறங்குவதைவிட, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பது மேல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓடி முடித்தவர்களைப் பேருந்து அள்ளிக்கொண்டு போய், வாயுக் குப்பியை எடுத்துவிட்டு, பந்தத்தோடு எங்காவது ஒரு இடத்தில் இறக்கிவிடும். உள்ளூர்க்காரராக இருந்தால் அவருடைய சொந்தக்காரர்கள் நிற்கிற தெருவுக்கே திரும்பி வருவார். நாங்கள் நின்ற தெருவுக்கு அந்த அம்மாவே வந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், அவர் சலிக்காமல் ஒவ்வொருவர் கையிலும் பந்தத்தைக் கொடுத்தார். வாய்ப்பகுதியில் நிறம் மாறியிருந்தது. சின்னவள் அதை மோந்து பார்த்தாள்.

கேட்டு வாங்குங்கள், கொடுக்க மறுப்பவர்கள் குறைவு. ஆனால் பிள்ளைகளை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி, அடியில் உங்கள் கையையும் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பந்தம் 800 கிராம்தான். பாரிஸ் பந்தம் ஒன்றரைக் கிலோ.